பேஸ் கிட்டாரும் கரகரப்பும்: கம்பியைத் தூக்காதீங்க சாமி!

பேஸ் கிட்டார் வாசிக்கிற நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால், பேச்சு எப்படியும் 'ஆக்‌ஷன்' பக்கம் போய் நிற்கும். சண்டைப் பட ஆக்‌ஷன் இல்லைங்க. ஃப்ரெட்டுக்கும் அதற்கு மேலே போகிற கம்பிக்கும் நடுவில் இருக்கிற உயரத்துக்குத்தான் அந்தப் பேர். "என்னுது ரொம்ப லோ ஆக்‌ஷன், வெண்ணெய் மாதிரி வழுக்கும்" என்று ஒருத்தர் பெருமை அடிப்பார். இன்னொருத்தர், "எனக்குத் துளிகூட பஸ் வரக்கூடாது"ம்பார். (பஸ்னா பெசன்ட் நகர் போற 29சி இல்லை. அதிர்கிற கம்பி ஃப்ரெட்டில் உரசி வருகிற கரகர சத்தம்.)

இந்த ரெண்டு ஆசையும் ஒரே கிட்டாரில் முழுசா நிறைவேறாது. அது பரவாயில்லை. எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். கரகரன்னு சத்தம் வந்ததுமே, எங்கேருந்து வருதுன்னு பார்க்காமல் பிரிட்ஜில் கம்பியைத் தூக்கி வைக்கிற பழக்கம் நம்ம ஊரில் ரொம்பப் பரவிக் கிடக்கு. என்ன ஜுரம்னு பார்க்காமல் ஊசி போடுற கதை இது. கஷ்டப்படுவது வாசிக்கிறவன் கை.

எங்க தெருவில் காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தன். நாலு மாசமா பேஸ் கத்துக்கிறான். ராஜா பாட்டில் பேஸ் கேட்டுத்தான் நம்மில் பாதிப் பேருக்கு இந்தக் கிறுக்கு பிடிச்சிருக்கும், அவனும் அதே கேஸ். போன மாசம் வந்து, "அண்ணே, என் விரல்தான் இதுக்கு லாயக்கு இல்ல போல. வித்துடலாம்னு இருக்கேன்" என்றான். கிட்டாரை எடுத்து வரச் சொன்னேன். 17-ஆவது ஃப்ரெட்டில் 'ஈ' கம்பி 4 மி.மீ. உயரத்தில் நிற்குது! என்னடான்னு கேட்டா, முதல் நாலு ஃப்ரெட்டில் கரகரன்னு வந்துச்சாம், கடையில் குடுத்தானாம், அவங்க கம்பியைத் தூக்கிக் குடுத்துட்டாங்களாம். சரி, கரகரப்பு போச்சான்னு கேட்டேன். "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்குண்ணே" என்றான்.

குறையாது. ஏன்னு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம், பயப்படாதீங்க :-) பிரிட்ஜில் கம்பியை 1 மி.மீ. தூக்கினால் 17-ஆவது ஃப்ரெட்டில் உயரம் கிட்டத்தட்ட 0.6 மி.மீ. கூடும். கைக்கு அது நல்லாவே தெரியும். ஆனா முதல் ஃப்ரெட்டை அமுக்கிக்கிட்டு வாசிக்கும்போது, ரெண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே கம்பிக்குக் கூடுதலாக் கிடைக்கிற இடம் வெறும் 0.06 மி.மீ.தான். அதாவது கை குடுக்கிற விலையில் பத்தில் ஒரு பங்குதான் பலனாத் திரும்பி வருது. இப்படி ஒரு வியாபாரத்தை யாராவது தெரிஞ்சே செய்வாங்களா?

அவன் கிட்டாரில் உண்மையான பிரச்சினை நெக்கில் இருந்தது. நெக் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இருக்கணும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. அதிர்கிற கம்பி நடுவில்தான் அகலமா ஆடும். பேஸின் 'ஈ' கம்பி தடி, விநாடிக்கு 41 தடவைதான் அதிரும், ஆட்டமும் பெருசு. அது ஆடுறதுக்கு இடம் விட்டு நெக்கும் நடுவில் லேசாக் குழிஞ்சிருக்கணும். இதுக்குப் பேர் ரிலீஃப். இதைக் கூட்டிக் குறைக்கத்தான் நெக்குக்குள்ளே ட்ரஸ் ராட்னு ஒரு இரும்புக் கம்பி ஓடுது.

இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பைக் மெக்கானிக் டாப்பெட் செட் பண்ண வச்சிருப்பாரே ஃபீலர் கேஜ், அதே போதும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ போட்டு, கடைசி ஃப்ரெட்டையும் அமுக்கிப் பிடிச்சு, 8-ஆவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. ஃபெண்டர் கம்பெனியின் செட்டப் குறிப்பில், 9.5 முதல் 12 அங்குல ரேடியஸ் உள்ள பேஸுக்கு இது 0.3 மி.மீ. தம்பி கிட்டாரில் இடைவெளியே இல்லை, கம்பி ஃப்ரெட்டில் ஒட்டிக்கிட்டு இருந்தது.

ட்ரஸ் ராடைக் கால் சுற்று தளர்த்தினேன், மறுபடி சுருதி சேர்த்தேன், ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். கரகரப்பு அடங்கிடுச்சு. அப்புறம் கம்பியை 2.5 மி.மீ.க்கு இறக்கினேன். வாசிச்சுப் பார்த்துட்டு, "அண்ணே, இது என் கிட்டார்தானா?" என்றான். இப்போ விற்கிற பேச்சையே காணோம். ஒரு பையன் நாலு மாசமா தன் விரலைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கான். தப்பு விரலில் இல்லை.

அதனால மக்களே, கரகரப்பு வந்தா முதலில் எங்கே வருதுன்னு கவனிங்க. அதுவே பாதி வைத்தியம்.

முதல் அஞ்சு ஃப்ரெட்டில் மட்டும்னா, பெரும்பாலும் நெக் ரொம்ப நேரா இருக்கு, இல்லைன்னா பின்னால் வளைஞ்சிருக்கு. அமுக்காத கம்பியில் மட்டும்னா, நட்டில் அந்தக் கம்பி உட்கார்ற பள்ளம் ஆழமாயிருக்கலாம். 12-க்கு மேலே மட்டும்னா, பிரிட்ஜில் சேடில் தாழ்ந்திருக்கு, அல்லது ரிலீஃப் அதிகம். ஒரே ஒரு இடத்தில் மட்டும்னா, அதுக்கு அடுத்த ஃப்ரெட் துருத்திக்கிட்டு இருக்கலாம். எங்கே அமுக்கினாலும் ஒரே மாதிரி டர்ர்ருன்னு வந்தா, ஃப்ரெட்டை விடுங்க, ட்யூனர் ஸ்க்ரூ எதுவும் லூஸான்னு பாருங்க!

வேலைக்கு ஒரு வரிசை இருக்கு. கம்பி மாத்துறதா இருந்தா அது முதலில். அப்புறம் சுருதி. அப்புறம் ரிலீஃப். அதுக்கு அப்புறம்தான் சேடில் உயரம். அதே ஃபெண்டர் குறிப்புப்படி 17-ஆவது ஃப்ரெட்டில் 'ஈ' பக்கம் 2.4 மி.மீ., 'ஜி' பக்கம் 2 மி.மீ. கடைசியில் இன்டொனேஷனும் பிக்கப் உயரமும். ஒன்றை மாத்தினா அடுத்தது மாறும், அதான் வரிசை முக்கியம். ட்ரஸ் ராடை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேலே திருப்பாதீங்க. இறுக்கினா நெக் நிமிரும், தளர்த்தினா குழியும். பலம் போட்டுத் திருப்ப வேண்டியிருந்தா அங்கேயே நிறுத்திட்டு, விஷயம் தெரிஞ்சவர்கிட்ட போயிடுங்க. ஃப்ரெட் தேய்க்கிறது, நட் அராவுறது ரெண்டும் நம்ம வேலை இல்லை. அராவினதை ஒட்ட வைக்க முடியாது.

இந்த எண்களும் வேதவாக்கு இல்லை, ஆரம்பிக்கிற இடம். உங்க கை எப்படி அடிக்குதுங்கிறதுதான் கடைசித் தீர்ப்பு. மோட்டவுன் பாட்டுக்களில் 1960-களில் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சனை எடுத்துக்குங்க. டபுள் பேஸிலிருந்து வந்தவர். 1962 மாடல் ப்ரிசிஷன் பேஸ், ஃப்ளாட்வவுண்ட் கம்பி, நல்ல உயரம், வலது கையில் ஒற்றை ஆள்காட்டி விரல். அந்த உருண்டையான சத்தத்துக்கு அந்த உயரமும் ஒரு காரணம். இன்னொரு பக்கம் 'தி ஹூ'வின் ஜான் என்ட்விசில். கம்பி ரொம்பத் தாழ்வு, ஃப்ரெட்டில் மோதுகிற உலோகச் சத்தமே அவர் கையெழுத்து. இதில் யாருடைய கிட்டாரை 'ரிப்பேர்'னு சொல்லுவீங்க?

எல்லாக் கரகரப்பையும் விரட்டியாகணும்னு இல்லைங்கிறதும் என் கட்சிதான். காதைக் கிட்டே வச்சுக் கேட்டா எந்த பேஸும் கொஞ்சம் முனகும். ஆம்ப்பில் சொருகி, நாலடி தள்ளி நின்னு, கச்சேரியில் அடிக்கிற வேகத்தில் அடிச்சுப் பாருங்க. பிக்கப் காந்தத்தால் கேட்கிறது, கம்பியின் அசைவைத்தான் பிடிக்கும். லேசான உரசல் பெரும்பாலும் ஸ்பீக்கர் வரைக்கும் வராது. நோட்டு நீளமா நிக்குதா, குரல்வளையைப் பிடிச்ச மாதிரி செத்துப் போகுதா? நின்னா விட்டுடுங்க. செத்தா வேலை பாருங்க. ராத்திரி ஆம்ப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்து வாசிச்சுட்டு, கிட்டார் கெட்டுப்போச்சுன்னு புலம்புறதில் அர்த்தம் இல்லை.

"ஒரு தடவை செட் பண்ணிட்டா ஆயுசுக்கும் போதும்"னு சொல்றவங்க கிட்டயும் எனக்குச் சண்டை உண்டு. நெக் மரம்தானே? ஈரத்துக்கு உப்பும், காய்ஞ்சா சுருங்கும். மழைக்காலத்து வீட்டிலிருந்து ஏசி ஸ்டுடியோவுக்குப் போனா அது அசையத்தான் செய்யும். சைக்கிளுக்குக் காத்து அடிக்கிற மாதிரி, வருஷத்துக்கு ரெண்டு தடவை பார்க்கவேண்டிய வேலை இது. ஒவ்வொரு தடவையும் கடைக்குத் தூக்கிட்டு ஓட முடியுமா? ஒரு ஃபீலர் கேஜ், ஒரு சின்ன ஸ்கேல், ரெண்டு ஆலன் கீ, அரை மணி நேரம். அவ்வளவுதான் செலவு.

விரல் வலிக்குதுன்னு பேஸை மூலையில் சாத்தி வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, இன்னைக்கே எடுத்து 17-ஆவது ஃப்ரெட்டில் ஒரு ஸ்கேலை வச்சுப் பாருங்க. 4 மி.மீ.ன்னு காட்டினா, உங்க விரல் கிட்ட முதலில் ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வேலையை ஆரம்பிங்க :-)