கேமும் கிராஃபிக்ஸும்: ஆசை எங்கே பிறக்கிறது, எங்கே உடைகிறது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் ஒரே வாக்குவாதம்தான். பிள்ளை ‘விஎஃப்எக்ஸ் படிக்கிறேன்’ அல்லது ‘கேம் டிசைன் படிக்கிறேன்’ என்று சொல்லும். ‘நாள் முழுக்க கேம் ஆடுறதும் படம் பாக்குறதும் ஒரு படிப்பா?’ என்று பெற்றோர் கேட்பார்கள். இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் தடுமாறுகின்றன. ரசிக்கும் ஆர்வம் வேறு, உருவாக்கும் ஆர்வம் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு ஒருவர் லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டுகிறார், இன்னொருவர் நல்ல ஆசையையும் சேர்த்துக் கிள்ளி எறிகிறார்.

இந்தத் துறைக்கு இளைஞர்களை இழுப்பது எது? அந்த இழுப்பு எந்த இடத்தில் வேலையாக மாறுகிறது?

‘எப்படிப்பா செஞ்சாங்க?’

1994-ல் வந்த ‘காதலன்’ படத்தின் ‘முக்காலா’ பாடலில் தலையும் கையும் மறைந்து உடை மட்டும் ஆடியபோது தியேட்டரே வாய் பிளந்தது. அந்தப் படத்துக்காக எஸ்.டி.வெங்கிக்கு தேசிய விருது கிடைத்தது. 2010-ல் ‘எந்திரன்’ அதே விருதை ஸ்ரீனிவாஸ் மோகனுக்கு வாங்கித் தந்தது. 2016-ல் ‘தி ஜங்கிள் புக்’ தமிழ் பேசி வந்தபோது, காட்டில் பெரும்பகுதியும் கம்ப்யூட்டரில் வளர்ந்தது என்பதை நம்பவே பலருக்கும் நேரம் பிடித்தது.

இவற்றை கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள், கைதட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். ஒரு சிலர் மட்டும் ‘இதை எப்படிச் செஞ்சாங்க?’ என்ற கேள்வியோடு போனார்கள். துறைக்குள் வந்தவர்களின் கதை பெரும்பாலும் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. ஜேம்ஸ் கேமரூன் ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். 1977-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ பார்த்த பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு சினிமா பக்கம் திரும்பினார். வசதி இல்லாத காலத்தில் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து சிறப்புக் காட்சி நுட்பங்களைத் தானாகவே படித்தவர் அவர். படம் பார்த்து எல்லோருக்கும் வந்த பிரமிப்புதான் அவருக்கும் வந்தது. நூலகத்துக்குப் போனதுதான் வித்தியாசம்.

பப்ஜியும் ஒரு ரசிகர் செய்த மாற்றம்தான்

கேம் உலகில் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஏற்கெனவே இருக்கும் ஒரு கேமைப் பிரித்து, விதியையோ வரைபடத்தையோ மாற்றி, புது ஆட்டமாக்குவதை ‘மோட்’ என்பார்கள். கனடாவில் மாணவராக இருந்த மின் லேயும் ஜெஸ் கிளிஃபும் 1999-ல் ‘ஹாஃப்-லைஃப்’ கேமை வைத்து அப்படிச் செய்ததுதான் ‘கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்’. அடுத்த ஆண்டே வால்வ் நிறுவனம் அதன் உரிமையை வாங்கிக்கொண்டது.

நம் ஊர்ப் பிள்ளைகள் ராத்திரி முழுக்க ஆடிய பப்ஜிக்கும் இதே பூர்வீகம்தான். அதன் மூளையான பிரெண்டன் கிரீன் முதலில் ‘ஆர்மா’ கேமுக்கு மோட் செய்தவர். கடைசியில் ஒருவர் மட்டும் மிஞ்சும் ஆட்டத்தை அங்கே செய்து பார்த்துவிட்டுத்தான், தென்கொரிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து 2017-ல் அதைத் தனி கேமாகக் கொண்டுவந்தார். ஆயிரம் மணி நேரம் ஆடினால் நல்ல ஆட்டக்காரர் ஆகலாம். ஒரு விதியை மாற்றிவிட்டு ‘இப்போ ஆட்டம் சுவாரசியமா இருக்கா?’ என்று நண்பர்களிடம் கேட்பவரே கேம் டிசைனர் ஆகிறார்.

கடல் அலையை ‘வளர்த்த’ இளைஞர்

2024-ல் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கரை ஜப்பானின் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ வென்றது. ஹாலிவுட் படங்களில் இந்த வேலைக்கு நூற்றுக்கணக்கானோர் உழைப்பது வழக்கம். இங்கே சுமார் 35 பேர் சேர்ந்து 610 ஷாட்களை முடித்தார்கள். விருதை வாங்கிய நால்வரில் ஒருவரான தட்சுஜி நோஜிமாவுக்கு 25 வயது. தண்ணீர் எப்படிப் புரள்கிறது, நுரை எப்படிச் சிதறுகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்காகவே இருந்தது. அவர் காட்டிய அலைகளைப் பார்த்த இயக்குநர் தகாஷி யமசாகி, கடல் காட்சிகளைத் தைரியமாக அதிகப்படுத்தினார்.

அந்த அலைக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. ஒரு கதாபாத்திரம் திரும்பி நடப்பதற்குப் பின்னால் பிளஸ் டூ கணிதத்தில் வரும் அணிகளும் வெக்டரும் இருக்கின்றன. அந்த நடையில் களைப்பு தெரிய வேண்டுமென்றால் மனிதர்களை உற்றுப் பார்த்த ஓவியரின் கண் வேண்டும். இந்தத் துறைக்கு கணக்கும் வேண்டும், படம் வரையும் கையும் வேண்டும். நம் பள்ளிகளிலோ பத்தாவது முடித்ததும் இரண்டும் வெவ்வேறு வாசல்களுக்குள் போய்விடுகின்றன. ‘கணக்கு வராதவங்கதான் இந்தப் பக்கம் வருவாங்க’ என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது.

பிரிட்டன் கண்டுபிடித்த ஓட்டை

இந்தப் பிரச்சினையை பிரிட்டன் நேரடியாகச் சந்தித்தது. 1980-களில் அங்கே பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்கள் வந்தன. அதைத் திறந்தால் கண்ணில் படுவது புரோகிராம் எழுதும் திரைதான். கேம்பிரிட்ஜ் மாணவர்கள் டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் அந்தக் கம்ப்யூட்டருக்காக எழுதி, 1984-ல் வெளிவந்த ‘எலைட்’ கேம் உலகப் புகழ் பெற்றது. பிறகு பள்ளிக் கம்ப்யூட்டர் வகுப்பு, கடிதம் டைப் செய்யவும் அட்டவணை போடவும் சொல்லித்தரும் வகுப்பாகச் சுருங்கியது.

2011-ல் கேம் துறையின் இயன் லிவிங்ஸ்டனும், டபுள் நெகட்டிவ் ஸ்டூடியோவை நிறுவியவர்களில் ஒருவரான அலெக்ஸ் ஹோப்பும் தந்த அறிக்கை இந்த ஓட்டையைத்தான் சுட்டிக்காட்டியது. கம்ப்யூட்டர் சயின்ஸைப் பள்ளிப் பாடமாக்குங்கள், கலையையும் தொழில்நுட்பத்தையும் சேர்த்துப் படிக்க விடுங்கள் என்றது. 2014-ல் இங்கிலாந்துப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் ‘கம்ப்யூட்டிங்’ இடம்பிடித்தது. அதே ஆண்டில் டபுள் நெகட்டிவ், மும்பையின் பிரைம் ஃபோகஸ் குழுமத்தோடு இணைந்தது. டிஎன்இஜி என்ற பெயரில் இன்று அதற்குச் சென்னையிலும் ஸ்டூடியோ உண்டு. வேலை நம் ஊருக்கு வந்துவிட்டது. அதற்கு ஆள் தயாராகும் பள்ளிக்கூடம்தான் இன்னும் பழைய மாதிரியே இருக்கிறது.

ஆசை உடையும் இடம்

உள்ளே வரும் பலருக்குக் கிடைக்கும் முதல் வேலை ‘ரோட்டோ’. நடிகரின் உருவத்தைச் சுற்றி ஒவ்வொரு ஃப்ரேமிலும் எல்லைக்கோடு வரைந்து பின்னணியிலிருந்து பிரிக்க வேண்டும். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். 5 நொடி ஷாட் என்றால் 120 ஃப்ரேம். டிராகன் செய்யும் கனவோடு வந்தவர் மாதக்கணக்கில் ஹீரோவின் தலைமுடியைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டிருப்பார். கேவலமான வேலை ஒன்றும் இல்லை, கண்ணையும் பொறுமையையும் பழக்கும் வேலைதான். ஆனால், ஃபீஸ் வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. அந்தக் கோட்டையும் இப்போது மென்பொருளே போடத் தொடங்கிவிட்டது.

வேலைப் பாதுகாப்பு இன்னும் பெரிய கேள்வி. புதுச்சேரியில் தொடங்கும் ‘லைஃப் ஆஃப் பை’ கதையின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ், 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதம் அந்தப் படம் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கரை வாங்கியது. அரங்குக்கு வெளியே கலைஞர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் நடுத்தெருவில் நின்றார்கள். பெரும்பாலும் ஒரு படத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே தொகை பேசி முடிக்கப்படுகிறது. இயக்குநர் பத்து தடவை மாற்றச் சொன்னால் அந்தச் செலவு ஸ்டூடியோவின் தலையிலும், ராத்திரி கண்விழிப்பு கலைஞரின் தலையிலும் விழுகிறது. ‘பேஷன் இருந்தா செய்வே’ என்ற வார்த்தை ஓவர்டைம் பணத்துக்குப் பதிலாகப் பயன்படுகிறது. பெற்றோரின் பயம் வெறும் பழமைவாதம் அல்ல.

காசு கட்டுவதற்கு முன் என்ன செய்யலாம்?

நல்ல செய்தி, ஆசையைச் சோதித்துப் பார்க்க இன்று செலவு குறைவு. பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் முழுக்க இலவசம். லாட்வியாவைச் சேர்ந்த சிறிய குழு ஒன்று அதை வைத்து உருவாக்கிய ‘ஃப்ளோ’, 2025-ல் பெரிய ஸ்டூடியோ படங்களை முந்தி அனிமேஷன் ஆஸ்கரை வாங்கியது. கேம் செய்ய ‘கோடோ’ இன்ஜினும் இலவசமே. கதைக்கும் தூரம் போக வேண்டாம். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பு, இட்லி, புட்டு. இவற்றை வைத்து டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’, அடுத்த ஆண்டு சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதை வென்றது.

ஆகவே, படிப்பில் சேரும் முன் மூன்று மாதம் செய்து பார்க்கலாம். ஒரு பந்தைத் துள்ள வைக்கலாம், ஒரே ஒரு லெவல் உள்ள கேமை முடிக்கலாம். பத்தாவது முறை சொதப்பிய பிறகும் கை மறுபடி அங்கேயே போனால், அது நம்பத் தகுந்த ஆசை. பயிற்சி நிலையத்தில் ‘எந்த சாஃப்ட்வேர் சொல்லித் தருவீங்க?’ என்று கேட்பதைவிட, ‘போன வருஷம் முடிச்சவங்க செஞ்ச வேலையைக் காட்டுங்க. அவங்க இப்போ எங்கே, என்ன சம்பளத்துல இருக்காங்க?’ என்று கேட்பது நல்லது.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. அனிமேஷன், கேமிங் துறைக்குத் தனிப் பணிக்குழு அமைப்பதாக 2022 பட்ஜெட்டில் மத்திய அரசு அறிவித்தது. மும்பையில் தேசிய மையமும் வந்துவிட்டது. ஆனால், ஆசை மும்பையில் மட்டும் பிறப்பதில்லை. தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் ஹை-டெக் லேப்கள் இருக்கின்றன. இலவச மென்பொருளை அங்கே நிறுவ லைசென்ஸ் கட்டணம் தேவையில்லை. கணக்கு ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் வாரம் ஒரு வகுப்பைச் சேர்ந்து எடுத்தால் போதும். ‘எப்படிச் செஞ்சாங்க?’ என்று கேட்கும் பிள்ளைக்கு, லட்சங்களைக் கட்டுவதற்கு முன்பே பதில் கிடைத்துவிடும். பதில் கிடைத்த பிறகு ‘இது எனக்கு வேண்டாம்’ என்று அந்தப் பிள்ளை முடிவெடுத்தாலும் அது லாபம்தான்.