கூண்டுக்குள் வைக்க யார் அனுமதி கொடுத்தது?

காட்டில் திரியும் புலியை எண்ணிவிட முடிகிறது. கூண்டில் கிடக்கும் புலியை எண்ண முடியவில்லை. விடுகதை போடவில்லை நண்பர்களே, உண்மையைத்தான் சொல்கிறேன்.

இந்தியாவில் 2022-இல் எடுத்த கணக்கின்படி அங்குள்ள காடுகளில் சுமார் 3,682 புலிகள் இருக்கின்றன. காட்டுக்குள் கேமரா பொருத்தி, ஒவ்வொரு புலியின் உடம்பிலும் உள்ள வரிகளை ஒப்பிட்டுப் பார்த்து எடுத்த கணக்கு அது. தமிழ்நாட்டுக் காடுகளில் மட்டும் 306. சரி, நான் பிறந்து வளர்ந்த அமெரிக்காவில் கூண்டுக்குள் எத்தனை புலிகள்? 5,000 என்று பல ஆண்டுகளாகப் பத்திரிகைகள் எழுதி வந்தன. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பட்டியல் இல்லை. அரசாங்கத்திடமும் இல்லை.

நான் தகவல் தொழில்நுட்ப ஆலோசகர். என் வேலையில் பாதி, யாருக்கு எந்தக் கணினிக்குள் நுழைய அனுமதி என்று முடிவு செய்வதுதான். அதில் மூன்று கேள்விகள் உண்டு. யாருக்கு? எதற்காக? எவ்வளவு நாளைக்கு? இந்த மூன்றுக்கும் பதில் எழுதாமல் யாருக்கும் எதையும் திறந்துவிடக் கூடாது. திறந்துவிட்ட பிறகு, உள்ளே என்ன நடந்தது என்ற பதிவும் இருக்க வேண்டும். ஒரு வங்கியின் கணக்குப் பட்டியலுக்கு இவ்வளவு கவனம் என்றால், உலகத்திலிருந்தே மறைந்துபோகக்கூடிய ஓர் உயிரினத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பதினாறு வயது மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அண்ணா, மிருகக்காட்சிசாலை நல்லதா, கெட்டதா?" நல்லது என்று சொன்னால் ஒரு கூட்டம் சண்டைக்கு வரும். கெட்டது என்று சொன்னால் இன்னொரு கூட்டம் வரும். என் பதில் இதுதான்: கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேள். அந்த விலங்கை வைத்திருக்க அவர்களுக்கு அனுமதி எதற்காகக் கொடுக்கப்பட்டது? அந்தக் காரணம் உண்மையா?

சட்டத்தைப் பார்ப்போம். அமெரிக்காவில் 1973-இல் அழிந்துவரும் உயிரினங்களுக்கான சட்டம் வந்தது. அதன்படி அப்படிப்பட்ட உயிரினத்தை இறக்குமதி செய்யவோ, ஏற்றுமதி செய்யவோ, மாநிலம் விட்டு மாநிலம் விற்கவோ, துன்புறுத்தவோ கூடாது. விலக்கு வேண்டும் என்றால் மீன், வனவிலங்குத் துறையிடம் பெர்மிட் வாங்க வேண்டும். அந்தப் பெர்மிட்டுக்குச் சட்டம் சொல்லும் காரணங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, அறிவியல் ஆய்வு. இன்னொன்று, அந்த இனம் பெருகவோ பிழைக்கவோ உதவுவது. 'மக்கள் வந்து பார்த்து மகிழ்வதற்கு' என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டை எங்கே என்று பாருங்கள். ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் ஒரு புலியைச் சும்மா வைத்திருப்பதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. ஒரே மாநிலத்துக்குள் விற்பதையும் தடுக்கவில்லை. அதை அந்தந்த மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டும். சில மாநிலங்கள் கடுமையாக இருந்தன, சில கண்டுகொள்ளவே இல்லை. போதாததற்கு, பல கிளையினங்கள் கலந்து பிறந்த புலிகளுக்கு 1998 முதல் 2016 வரை மத்திய அரசின் வளர்ப்பு விலங்குப் பதிவே தேவையில்லை என்று விதி இருந்தது. அமெரிக்காவில் தனியாரிடம் இருந்தவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட கலப்புப் புலிகள்தான். பதினெட்டு ஆண்டுகள் பதிவு கேட்காமல் இருந்துவிட்டு, பிறகு எத்தனை இருக்கிறது என்று கேட்டால் எங்கிருந்து பதில் வரும்?

இதன் விலை என்ன என்று எங்கள் நியூ ஜெர்சி ஆட்களுக்குத் தெரியும். 1999 ஜனவரியில் ஜாக்சன் என்ற ஊரில் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு புலி நடந்து திரிந்தது. இருட்டுவதற்குள் பிடிக்க முடியாததால் சுட்டுக் கொன்றார்கள். அதே ஊரில் ஒரு தனியார் இடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட புலிகள் இருந்தன. தப்பியது தன்னுடைய புலி இல்லை என்று அந்த இடத்தின் உரிமையாளர் மறுத்தார். அங்கிருந்த 24 புலிகளை டெக்சாசுக்குக் கொண்டுபோக 2003 வரை வழக்கு நடந்தது. ஒரு புலிக்கு ஓர் எண், ஒரு பதிவு என்று ஒழுங்காக இருந்திருந்தால், 'யாருடைய புலி?' என்ற கேள்வியே எழுந்திருக்காது.

ஒகாயோவில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2011 அக்டோபரில் சேன்ஸ்வில் அருகே ஒருவர் தன்னிடமிருந்த கூண்டுகளை எல்லாம் திறந்துவிட்டு இறந்துபோனார். காவல்துறைக்கு வேறு வழியில்லை. ஏறக்குறைய ஐம்பது விலங்குகள் கொல்லப்பட்டன. அவற்றில் 18 புலிகள். ஒரே நாளில் 18! அதற்கு அடுத்த ஆண்டுதான் ஒகாயோ மாநிலம் ஆபத்தான காட்டு விலங்குகளை வளர்ப்பதற்குச் சட்டம் கொண்டுவந்தது.

புலிக்குட்டியோடு செல்ஃபி எடுக்கும் கடைகளும் இந்த ஓட்டைக்குள்தான் வளர்ந்தன. குட்டிக்குச் சுமார் 8 வாரம் ஆகும்வரை அது மிகச் சிறியது. 12 வாரம் தாண்டிவிட்டால் மனிதர் தொடுவதற்கு ஆபத்து. ஆக, ஒரு குட்டி ஒரு மாதம்தான் சம்பாதிக்கும். அதற்கப்புறம் புதிய குட்டி வேண்டும். பழைய குட்டி எங்கே போனது? கேட்கவும் ஆளில்லை, எழுதி வைக்கவும் ஆளில்லை. இதையும் 'கல்வி' என்றும் 'விழிப்புணர்வு' என்றும்தான் விளம்பரம் செய்தார்கள்.

கல்வி என்ற சொல்லை வைத்து எப்படி விளையாடலாம் என்று அதிகாரிகளுக்கும் தெரிந்தே இருந்தது. வளர்ப்பு விலங்குப் பதிவுக்கு 'மக்களுக்குக் காட்டிக் கற்பிக்கிறோம்' என்பது மட்டுமே காரணமாக இருந்தால் போதாது என்று 1993-இலேயே விதியை மாற்றினார்கள். நல்ல மாற்றம். ஆனால் அது வந்ததும் இன்னொரு கதவு திறந்துகொண்டது. அதுதான் நன்கொடை.

இது எப்படி என்றால், விலங்கை வைத்து நான் செய்யும் காரியத்தால் அதன் இனத்துக்கு நேரடியாக எந்த நன்மையும் இல்லை. ஆனால் வெளிநாட்டில் ஏதோ ஒரு பாதுகாப்பு அமைப்புக்குப் பணம் கொடுக்கிறேன். அதனால் மொத்தத்தில் இனத்துக்கு நன்மைதானே, பெர்மிட் கொடுங்கள்! இந்த வாதத்தைத் துறை ஏற்றுக்கொண்டது.

இதற்கு 2016-இல் நடந்த ஒரு வழக்கு நல்ல உதாரணம். அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் ஆய்வு மையம் தன்னிடமிருந்த 8 சிம்பன்சிகளை இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள விங்கம் வனவிலங்குப் பூங்காவுக்கு அனுப்பப் பெர்மிட் கேட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கூண்டில் உள்ள சிம்பன்சிகளையும் முழுப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். இந்த எட்டுச் சிம்பன்சிகள் கென்ட்டுக்குப் போவதால் ஆப்பிரிக்கக் காட்டில் இருக்கும் சிம்பன்சிக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. ஆகவே ஒரு நன்கொடை சேர்க்கப்பட்டது, பெர்மிட்டும் கிடைத்தது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். அன்று வாஷிங்டன் மாவட்ட நீதிபதியாக இருந்தவர் கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன். ஆமாம், இன்று உச்ச நீதிமன்றத்தில் இருப்பவரேதான். வழக்குத் தொடுக்க இவர்களுக்குச் சட்டப்படி தகுதி இல்லை என்று அவர் தள்ளுபடி செய்தார். ஆனால் நன்கொடை வாங்கிக்கொண்டு பெர்மிட் கொடுக்கும் இந்த வழக்கம், சட்டத்தை இயற்றியவர்களின் நோக்கத்துக்கே எதிராகப் போவதுபோல் தெரிகிறது என்று தீர்ப்பில் கவலையும் தெரிவித்தார்.

"அந்தப் பணத்தால் எங்கோ நாலு குரங்கு பிழைத்தால் நல்லதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பணம் கொடுப்பது நல்லதுதான், தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால் கோயில் உண்டியலில் பணம் போட்டுவிட்டால் வெளியே செய்த காரியம் சரியாகிவிடுமா? அனுமதி கேட்கிற செயலும் கொடுக்கிற பணமும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருந்தால், அது உதவி இல்லை, கட்டணம். பணம் உள்ளவர் எதையும் செய்யலாம் என்று ஆகிவிடும்.

இப்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கூண்டே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. கலிபோர்னியா காண்டோர் என்ற மாபெரும் பிணந்தின்னிக் கழுகைப் பாருங்கள். 1987-இல் காட்டில் கடைசியாக இருந்த பறவையையும் பிடித்துக் கூண்டுக்குள் கொண்டுவந்தார்கள். உலகம் முழுவதற்கும் இருந்தவை 27 மட்டும். அப்போது எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. இன்று 500-க்கு மேல் இருக்கின்றன, அவற்றில் பெரும்பகுதி வானத்தில் பறக்கின்றன. வட ஆப்பிரிக்காவின் வளைகொம்பு ஓரிக்ஸ் என்ற மானினம் காட்டில் முற்றிலும் அழிந்துவிட்டது என்று 2000-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். மிருகக்காட்சிசாலைகளிலும் தனியார் மந்தைகளிலும் மிஞ்சியிருந்ததால்தான், 2016 முதல் சாட் நாட்டில் அதை மீண்டும் காட்டில் விட முடிந்தது. 2023-இல் அதன் நிலையை இரண்டு படி மேலே மாற்றினார்கள். கூண்டு இல்லாவிட்டால் இந்த இரண்டும் இன்று படத்தில்தான் இருக்கும்.

வித்தியாசம் எங்கே? காண்டோர் கூண்டுக்கு ஒரு வாசல் இருந்தது. எந்தப் பறவை எந்தப் பறவையோடு சேர வேண்டும் என்பதற்கு வம்சாவளிப் பதிவு இருந்தது. என்றைக்கு வெளியே விடுவது என்ற திட்டம் இருந்தது. செல்ஃபி புலிக்கு இதில் எதுவும் இல்லை.

வெள்ளைப் புலியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்குச் சென்னை போகும்போது வண்டலூரில் நம்மில் பலர் ஆவலோடு தேடிப் பார்க்கும் விலங்கு அது. வெள்ளைப் புலி என்று தனி இனம் கிடையாது. அது ஒரு மரபணு மாற்றத்தால் வரும் நிறம். 1951-இல் ரேவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற புலியின் வம்சத்தை நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து அந்த நிறத்தைக் காப்பாற்றினார்கள். அதனால் மாறுகண் போன்ற குறைகளும் கூடவே வந்தன. பார்க்க அழகு, கூட்டம் சேர்க்கும். ஆனால் காட்டுப் புலியின் எதிர்காலத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அமெரிக்க மிருகக்காட்சிசாலைகள் சங்கம் வெள்ளைப் புலி இனப்பெருக்கத்தை 2011-இல் நிறுத்தச் சொன்னது சரியான முடிவு.

புலிகள் விஷயத்தில் அமெரிக்கா கடைசியில் ஓரளவு விழித்துக்கொண்டது. 2022 டிசம்பரில் பெரும்பூனைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. புலி, சிங்கம், சிறுத்தை போன்றவற்றை வீட்டில் வளர்க்கவும் கூடாது, குட்டியை மக்கள் கையில் கொடுக்கவும் கூடாது. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் 2023 ஜூன் 18-க்குள் பதிவு செய்ய வேண்டும் என்று கெடு வைத்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் இது பெரும்பூனைகளுக்கு மட்டும். குரங்குக்கும் ஆமைக்கும் கிளிக்கும் பழைய கதைதான்.

ஆகவே என் கருத்தை நேராகவே சொல்கிறேன். அழிந்துவரும் உயிரினத்தை வைத்திருக்கும் ஒவ்வோர் அனுமதியும், அந்த இனத்துக்குக் காட்டில் என்ன நடக்கப்போகிறது என்பதோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆய்வு என்றால் முடிவு வெளியிடப்பட வேண்டும். கல்வி என்றால் யார் என்ன கற்றார்கள் என்று காட்ட வேண்டும். பதிவேடு பொதுமக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும்: எந்த விலங்கு, எங்கே, பிறந்தது எப்போது, இறந்தது எப்போது. நன்கொடையைக் காரணமாக ஏற்கவே கூடாது. காலம் முடிந்ததும் அனுமதி தானாகவே காலாவதியாகி, மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டும். சிறிய, நேர்மையான பூங்காக்களுக்கு இந்தக் காகித வேலை சுமைதான். அவர்களுக்கு அரசு ஆள் கொடுத்து உதவட்டும். அதற்காகக் கேள்விகளைக் குறைக்கக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்? அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. அழிந்துவரும் இனத்துக்கான ஒவ்வொரு பெர்மிட் விண்ணப்பத்தையும் ஃபெடரல் ரிஜிஸ்டர் என்ற அரசிதழில் வெளியிட்டு, 30 நாள் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும். வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, இணையத்திலேயே எழுதலாம். பிரிட்டனில் ஆபத்தான விலங்குகளுக்கும் மிருகக்காட்சிசாலைக்கும் உரிமம் கொடுப்பது உங்கள் உள்ளூர் கவுன்சில். உங்கள் பகுதியில் யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று கவுன்சிலிடம் கேளுங்கள். கனடாவில் திமிங்கிலங்களையும் டால்பின்களையும் கேளிக்கைக்காகப் புதிதாகப் பிடித்து வைப்பதை 2019-இல் சட்டம் தடை செய்தது. பல ஆண்டுகள் பொதுமக்கள் விடாமல் கேட்டதும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்த முறை ஒரு பூங்காவுக்குப் போனால், கூண்டுக்கு முன்னால் இருக்கும் பலகையைப் படியுங்கள். இந்த விலங்கு எங்கிருந்து வந்தது, இதன் குட்டிகள் எங்கே போகும் என்று அங்கே வேலை செய்பவரிடம் கேளுங்கள். நல்ல இடமாக இருந்தால் ஆசையோடு உட்கார்ந்து விளக்குவார்கள், கேட்டுக்கொண்டு வாருங்கள். மழுப்பினால் அடுத்த டிக்கெட் வாங்காதீர்கள். கிடைத்த பதில் எதுவாக இருந்தாலும் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.