விஞ்ஞானப் பகுதி: தவளையின் நோய்க்குத் தாவரம் தரும் மருந்து?

மழைக்கால இரவில் தவளைகளின் ஒலி கேட்டு வளர்ந்தவர் நம்மில் பலர். பூச்சிகளை உண்டு நமக்கு உபகாரம் செய்யும் அப்பிராணிகளைப் பல நாடுகளில் ‘ரானா வைரஸ்’ என்னும் நுண்கிருமி வாட்டி வருகிறது. தோலிலும் உள்ளுறுப்புகளிலும் இரத்தம் கசிந்து, ஒரு குளத்துத் தலைப்பிரட்டைகள் அனைத்துமே சில நாட்களில் மடிவதுண்டு. இவ்வினத்தைச் சேர்ந்த ‘தவளை வைரஸ் 3’ என்பதை 1960-களில் அமெரிக்காவில் ஆலன் கிரானாஃப் என்னும் விஞ்ஞானி, சிறுத்தைத் தவளையிலிருந்து பிரித்தெடுத்தார்.

இக்கிருமியை அடக்கத் தாவர ஹார்மோன் உதவுமா என்பதே இப்போதைய ஆராய்ச்சி. தாவர உயிரணுக்களைப் பிரிந்து பெருகச் செய்யும் ஹார்மோன்களுக்குச் சைட்டோகைனின் என்று பெயர். இளநீரிலும் அவை உண்டு. விந்தை என்னவெனில், இவ்வகையில் முதலில் அறியப்பட்ட கைனெட்டின், 1955-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மீனின் டி.என்.ஏ.விலிருந்தே கிடைத்தது!

தாவரப் பொருளுக்கும் தவளைக் கிருமிக்கும் என்ன சம்பந்தம்? டி.என்.ஏ. என்னும் மாளிகையின் செங்கற்களுள் ஒன்று அடினைன். சைட்டோகைனின்களோ அந்த அடினைனின் உருமாறிய வடிவங்களே. அவற்றுடன் சர்க்கரை மூலக்கூறு ஒன்று சேர்ந்தால், உண்மைச் செங்கல் போலவே தோன்றும் போலிச் செங்கலாகி விடுகின்றன. வைரஸ் தன்னைப் பிரதி எடுக்கும் வேலையை அத்தகைய போலி குலைக்கக் கூடும். மனிதரின் அக்கி நோய்க்குத் தரப்படும் அசைக்ளோவிர் இத்தகைய தந்திரத்தாலேயே வேலை செய்கிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில், சர்க்கரை சேர்ந்த சில சைட்டோகைனின்கள் தவளை வைரஸின் பெருக்கத்தைத் தடுத்துள்ளன.

ஆயினும் அவசரப்பட்டுக் குளத்தில் இளநீரை ஊற்ற வேண்டாம்! வைரஸை ஏமாற்றும் போலிச் செங்கல், அளவு மிஞ்சினால் தவளையின் உயிரணுவையும் கெடுக்கும். மேலும், கண்ணாடிக் குடுவையில் அளந்து இடுவது எளிது. மீனும் பாசியும் தாமரையும் நிறைந்த குளத்தில் இடுவது எங்ஙனம்?

ஆதலின் மருந்து வரும்வரை நோய் பரவாமல் காப்பதே சிறந்த வழி. ஒரு குளத்துத் தவளையையோ தலைப்பிரட்டையையோ நீரையோ மற்றொரு குளத்தில் விடலாகாது. சேறு படிந்த காலணியையும் வலையையும் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே அடுத்த நீர்நிலைக்குச் செல்ல வேண்டும். விளையாட்டாகத் தலைப்பிரட்டை பிடித்து வரும் நம் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துரைப்பது பெற்றோர் கடமை.