புதுப்பிக்கும் கருவியும் பயன்கொள்வார் மொழியும்

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்வழி வந்த கணினிகளில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றிருந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய இயக்குதளம் அது. இத்தகைய இயக்குதளம் ஒருமுறை நிறுவியதோடு முடிந்துபோகும் பொருளன்று. குறைகள் காணுந்தோறும் திருத்தங்கள் வந்துகொண்டேயிருக்கும். அவற்றைக் கணினியிற் சேர்ப்பதே புதுப்பிக்கும் கருவி. அதனை வடிவமைப்போர்க்குச் சிலவற்றைச் சொல்ல விழைகின்றோம். தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்பார், சற்றுப் பொறுத்துப் படிப்பாராக.

டெபியன் வழிவந்த இயக்குதளங்களில் மென்பொருள்கள் பொதிகளாகக் களஞ்சியத்தில் வைக்கப்பெறுகின்றன. கருவி முதலிற் பட்டியலைப் பெறும். அதன் மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும். பின்னர் வேண்டிய பொதியையும் அது சார்ந்த பிற பொதிகளையும் இறக்கும். பூட்டும் முத்திரையும் செம்மையாகவே உள்ளன. குறை, மனிதரோடு பேசுமிடத்தில்.

தளவாய்புரத்துத் தையற்கூடம் ஒன்றிற் பணிபுரியும் அன்னையின் கைப்பேசி இணைப்பைக் கொண்டு கற்கும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். "112 பொதிகள் மேம்படுத்தப்படவுள்ளன, கடவுச்சொல் இடுக" என்று சாளரம் எழுந்தால் அவள் என் செய்வாள்? மூடிவிடுவாள். அவள்மேற் பிழையில்லை. எது பாதுகாப்புத் திருத்தம், எது வெறும் புதுமை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. "இணைய உலாவியில் ஒரு பாதுகாப்புக் குறை திருத்தப்பட்டுள்ளது, 60 மெகாபைட் செலவாகும், இரவிலும் செய்யலாம்" என்ற ஒரு வரி போதும், அவள் தானே முடிவு செய்வாள்.

கேளாமலே புதுப்பித்துவிடுவது நன்று என வாதிடுவாரும் உளர். டெபியனில் அதற்கெனத் தனிக் கருவியே உண்டு. அலுவலகங்களுக்கு அது பொருந்தும். நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளந்து தரவு வாங்கும் வீட்டில், கேளாது செலவழித்தல் முறையோ? ஒத்திவைக்கும் உரிமை வேண்டும். பாதுகாப்புத் திருத்தத்திற்கு மட்டும் அவ்வுரிமைக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதே நம் கருத்து.

இனி, நம் துறையின் வேலை. டெபியனின் 'ஏப்ட்' கருவியில் 'அப்டேட்' என்னும் ஏவல் பட்டியலை மட்டுமே புதிதாக்கும். திருத்தங்களை நிறுவுவது 'அப்கிரேட்'. ஆங்கிலம் அறிந்தாரே இங்குத் தடுமாறுகின்றனர். இரண்டையும் 'புதுப்பி' என்றே பெயர்த்துவைத்தால் தமிழிலும் அக்குழப்பம் குடியேறும். 'பட்டியலைப் பார்', 'திருத்தங்களை நிறுவு' என்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். டெபியனின் மொழிபெயர்ப்புகள் தன்னார்வலர் செய்பவை, எவரும் பங்கேற்கலாம். நம் இளங்கலை மாணாக்கர் பத்துப்பேர் வரும் விடுமுறையில் அமர்ந்தால், இக்கருவியின் வாசகங்களைத் திருத்தித் தர இயலும். துறையின் கணினி அறையை அதற்கெனத் திறந்துவைக்க நிர்வாகத்தாரை வேண்டுகின்றோம்.