பைல் அடித்தால் போதுமா? மண் பிடிக்க வேண்டாமா?

போரூரை அடுத்த மவுலிவாக்கத்தை மறக்க முடியுமா? 28-6-2014 அன்று மழையில் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் பலியானார்கள்.

இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஏரி ஓரங்களிலும் மாடி மேல் மாடி எழும்புகிறது. எல்லாம் அவசரம்!

களிமண்ணில் அடித்து இறக்கும் பைல் அன்றைக்கே முழு பாரம் தாங்காது. அடிக்கிற அடியில் மண் கலங்கி, அதிலுள்ள தண்ணீரின் அழுத்தம் ஏறிவிடும். நாள் ஆக ஆக அழுத்தம் வடியும். மண் இறுகி பைலைக் கவ்விப் பிடிக்கும். அதற்கு வாரக்கணக்கு, சில இடத்தில் மாதக்கணக்கு ஆகும். நெருக்கமான நைஸ் மணலில் கதையே வேறு. அடித்த அன்று காட்டிய பலம் சில நாளில் குறைந்தும் போகலாம்!

ஆகவே அடித்த கையோடு 'டெஸ்ட் பாஸ்' என்றால் நம்பிவிடாதீங்க. பிளாட் வாங்கப் போகிறவர் டைல்ஸைத் தட்டிப் பார்க்கிறார். பைல் அடித்தது என்றைக்கு, பாரம் ஏற்றிப் பார்த்தது என்றைக்கு என்று கேட்கிறாரா? கேளுங்க சார், உங்க பணம், உங்க உயிர்!

அடித்து இறக்கிய பைல் மேல் நிற்கும் கட்டிடத்துக்கு, இந்த இரண்டு தேதியும் காட்டாமல் நிறைவுச் சான்று தரக்கூடாது. அதிகாரிகள் கவனிப்பார்களா?