பூ எண்ணெயை நம்பி நுளம்பை மறக்கலாமா?



மாரி தொடங்கினால் நமது வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி தவறாமல் சுற்றும். இன்ன பூவின் எண்ணெயில் இரண்டு சொட்டுப் பூசினால் டெங்கு அண்டாது, இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது என்று. மற்ற ஊர்க்காரர் சிரித்துவிட்டுப் போகலாம். நமக்கு முடியாது. 2017இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. அந்த மார்ச்சில் கிண்ணியா பட்ட பாடு டவுன் முதல் மூதூர் வரை எல்லோருக்கும் தெரியும்.

பூ மணத்தில் ஒன்றுமில்லை என்று நாம் சொல்லவில்லை. மல்லிகை அந்தியில் மணப்பது இரவில் பறக்கும் பூச்சிகளை அழைக்க. ரோஜாவிலுள்ள ஜெரானியோலும் சிட்ரோனெல்லோலும் நமது நாட்டு சிட்ரனெல்லாப் புல்லின் எண்ணெயிலும் உண்டு. நுளம்புக்கு அவை பிடிக்காது. கறிக்குப் போடும் கராம்பு உண்மையில் காய்ந்த பூமொட்டு. அதன் யூஜினோல் கிருமியைக் கொல்லும், வலியை மரக்கச் செய்யும். பல் வைத்தியர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் மணக்கிறது என்றாலே ஆவியாகிறது என்றுதான் அர்த்தம். மூக்குக்கு வந்தது தோலில் இல்லை. 2002இல் ‘நியூ இங்லண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ வெளியிட்ட ஆய்வில் சிட்ரனெல்லாப் பூச்சுகள் சராசரியாக 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. சுமார் 24 வீதம் டீட் கலந்த பூச்சு 5 மணித்தியாலம் தாங்கியது. டெங்கு நுளம்போ பகலில் கடிப்பது. காலை 7 மணிக்குப் பூசி அனுப்பினால் பாடசாலை மணி அடிக்கமுன் பாதுகாப்பு முடிந்துவிடும்.

இன்னொன்று. ஒரு கிலோ அசல் ரோஜா எண்ணெய்க்கு 3,000 முதல் 4,000 கிலோ பூ வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அத்தர் போத்தலில் இருப்பது பெரும்பாலும் தொழிற்சாலை வாசனைதான். ஜும்ஆவுக்குப் பூச அது தாராளம். மருந்தென்று பூசுவதுதான் பிழை.

அசலாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பல் முளைக்கும் பிள்ளையின் முரசில் கராம்பு எண்ணெய் தடவும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த எண்ணெயைக் குடித்துவிட்ட இரண்டு வயதுப் பிள்ளை நினைவிழந்து, ஈரலும் பாதிக்கப்பட்டதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. கிருமியை அழிக்கும் வேகம் உள்ள பொருள் பிள்ளையின் ஈரலைப் பார்த்து ஒதுங்கிப் போகுமா?

ஆகவே குழு அட்மின்களிடம் நமது கோரிக்கை: அந்தச் செய்தியைத் தடுங்கள். வெள்ளி தோறும் தண்ணீர்த் தொட்டியை வெறுமனே ஊற்றாமல் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவோம். நுளம்பு முட்டை காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். காய்ச்சல் இரண்டு நாள் நீடித்தால் வைத்தியசாலைக்குப் போவோம். அதற்கிடையில் அஸ்பிரின், இபுபுரோஃபென் கொடுக்க வேண்டாம். எண்ணெய்ப் போத்தல்களை இன்றைக்கே பிள்ளைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.