நம் படத்தை நாமே எடுப்போம்

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க நாம் என்ன செய்கிறோம்? ஒரு நாள் சம்பளத்தை விட்டு, பகாவுக்கோ சிரம்பானுக்கோ பஸ் ஏறி, படக்கடையில் காசு கொடுக்கிறோம். போதாக்குறைக்கு, "எல்லாம் நானே முடிச்சுத் தர்றேன்" என்று வரும் ஆளிடம் மைகார்டையும் நீட்டுகிறோம். இது தேவைதானா?

பழைய பாஸ்போர்ட் உள்ளவர்கள் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்திலேயே புதுப்பிக்கலாம். படத்தை வீட்டுக் கைப்பேசியிலேயே எடுக்கலாம். வெள்ளைச் சுவர் இல்லையா? வெள்ளை வேட்டியைச் சுருக்கமில்லாமல் கட்டுங்கள். பகல் வெளிச்சத்தில், தோளை மூடிய கறுத்த நிறச் சட்டையோடு நேராக நில்லுங்கள். மூக்குக்கண்ணாடி வேண்டாம். அளவு 35க்கு 50 மில்லிமீட்டர்.

ஒன்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்: "அப்பாவ வெள்ளையாக்குறேன்" என்று படத்தில் கை வைக்கக்கூடாது. செம்பனைக் காட்டு வெயிலில் கறுத்த முகம்தான் நம் முகம். அதிகாரி ஒப்பிட்டுப் பார்ப்பதும் அதைத்தான்.

ஐந்தாண்டுக்குக் கட்டணம் 200 வெள்ளி. 60 வயதானவர்களுக்கு 100 வெள்ளிதான். முதன்முறை எடுப்பவர்கள் விண்ணப்பிக்கவே அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும்.

வீட்டில் படித்த பிள்ளை இருக்கிறது. அதைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்வோம். நம் பேரையும் முகத்தையும் இன்னொருவன் கையில் ஒப்படைத்த காலம் போதும்!